ஆள் தேவை: விவரம் நேரில்

“விளையாட்டுச் செய்தியாளர் தேவை. ஊக்கமும் உழைப்பும் உடையவராக இருத்தல் வேண்டும். எழுத்து, புகைப்படம், பக்க அமைப்பு ஆகியவற்றில் பழக்கம் விரும்பத்தக்கது. மாலை வேளைகளிலும் வார இறுதியிலும் பணியாற்ற இசைய வேண்டும். சொந்த வாகனம் அவசியம். ஊதியம் தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப அளிக்கப்படும்.”

அமெரிக்க நாட்டுச் சிற்றூர்ப் பத்திரிகைகள் ஆள் தேடி வெளியிடும் விளம்பரங்கள் ஏறக்குறைய இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கும். இது எந்த ஒரு பத்திரிகையின் விளம்பரமும் அன்று. அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்ற தொடர்களைக் கோத்து நான் அமைத்துக்கொண்ட மாதிரி. மாணவ நண்பர்களே, இதனை மீண்டும் ஒருமுறை மனத்துள் ஓட்டிப் பாருங்கள். ஆறு வாக்கியங்கள் இருக்கின்றன. ஊரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், பத்திரிகை நாள்தோறும் வருவதா வாரம் ஒருமுறை வருவதா, விளையாட்டுப் பகுதியில் வேறு எவரேனும் வேலை செய்கிறார்களா, சம்பளம் எவ்வளவு என்ற கேள்விகளுள் ஒன்றுக்கேனும் விடை உண்டா? கல்லூரியை விட்டு வெளிவந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இந்த ஆறு வாக்கியங்களை நம்பி, உடைமைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஆயிரம் மைல் கடந்து, முன்பின் அறியாத ஊரில் குடியேறுகிறார். அவர் ஏற்கப்போகும் வேலை யாது, அது ஏன் இவ்வளவு மங்கலாகச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பத்திரிகைத் தொழிலை நாடும் ஆசை உங்களில் சிலருக்கு இருக்கலாம். அந்த ஆசை இல்லாதவர்களும் என்றேனும் ஒருநாள் ஒரு வேலை விளம்பரத்தைக் கையில் ஏந்தத்தான் போகிறீர்கள்.

முதலில் வேலையைப் பார்ப்போம். அமெரிக்கச் சிற்றூரில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுத்தான். தொழில்முறைக் குழுக்கள் பெருநகரங்களில் இருப்பவை. அவற்றின் செய்தியைச் செய்தி நிறுவனங்கள் அனுப்பிவிடும். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தை எழுதுவதற்கு அவ்வூர்ப் பத்திரிகையை விட்டால் வேறு நாதியில்லை. இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊரே விளையாட்டரங்கில் திரண்டிருக்கும். அங்கே நடப்பது அமெரிக்கக் கால்பந்தாட்டம். நாம் ஆடும் கால்பந்து வேறு. இது நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியைப் பிளந்து ஓடும் ஆட்டம். ஏழு மணியளவில் தொடங்கி ஒன்பதரைக்குச் சற்று முன்பின்னாக முடியும். நம் செய்தியாளர் மக்களோடு அமர்ந்து வேடிக்கை பார்ப்பவர் அல்லர். மைதானத்தின் ஓரத்தில், கையில் குறிப்பேட்டுடன், ஒவ்வோர் ஓட்டத்தையும் எழுதிக்கொண்டு அணியோடு முன்னும் பின்னும் நடப்பார். எந்த எண் சட்டைக்காரர் பந்தை ஏந்தினார், எந்தக் கோட்டிலிருந்து எத்தனை கஜம் போனார், யார் தடுத்தார் என்பவற்றைக் குறித்து வைக்கப் பெருநகர ஆட்டங்களில் தனி ஆட்கள் உண்டு. சிற்றூரில் அவரே குறிக்க வேண்டும். அவரே கூட்டிக் கழிக்க வேண்டும். இடையிடையே பேனாவைச் செருகிவிட்டுப் புகைப்படமும் எடுக்க வேண்டும். மழை பெய்தால் குறிப்பேடு ஊறிப்போகும். தேர்ந்தவர்கள் அதனால் பென்சிலையே நாடுகிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் இரண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு ஓட்டம். அங்கே தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்த ஊர்களின் பயிற்சியாளர்கள் தத்தம் ஆட்ட முடிவைச் சொல்லக் கூப்பிடுவார்கள். வென்றவர்கள் தவறாமல் கூப்பிடுவார்கள். தோற்றவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த முடிவுகள் எல்லாம் ‘அகேட்’ எனப்படும் 5½ பாயிண்ட் சிற்றெழுத்தில், எறும்பு வரிசைபோல் பத்தி பத்தியாக அச்சாகும். பேஸ்பால் ஆட்டத்தின் விவரப் பட்டியலுக்கு 19ஆம் நூற்றாண்டில் செம்மையான வடிவம் தந்த ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட் ஆட்டங்களை எழுதிப் பழகியவர். கிரிக்கெட் ஓட்டப்பட்டியலை ஆர்வத்தோடு படிக்கும் உங்களுக்கு அந்தச் சிற்றெழுத்தின் சுவையை நான் விளக்கவேண்டியதில்லை. அதைத் தட்டெழுத்தில் அடித்துச் சேர்ப்பவரின் கண்வலியை மட்டும் நினைவூட்டுகிறேன். விளம்பரத்தில் “நுணுக்கங்களில் கவனம் உடையவர்” என்று ஒரு தொடர் வந்தால், அதன் பொருள் பெரும்பாலும் இதுவே.

ஊருக்கு ஊர் ஆட்டமே மாறும் என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில், 1934ஆம் ஆண்டு, ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் ஒரு புதிய ஆட்டமுறையை வகுத்தார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. அணிக்குப் பதினொருவரைத் திரட்ட வழியற்ற சிறு பள்ளிகளுக்காக அவர் அறுவர் ஆடும் கால்பந்தாட்டத்தை அமைத்தார். டெக்சாஸ், மான்டானா, நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களின் சிற்றூர்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. 100 கஜ மைதானம் அங்கே 80 கஜமாகச் சுருங்குகிறது. அடுத்த வாய்ப்புக்கு முன்னேற வேண்டிய தூரம் 10 கஜத்திலிருந்து 15 கஜமாக நீள்கிறது. அறுவரில் எவரும் பந்தை வாங்கி ஓடலாம். பதினொருவர் ஆட்டத்தில் 3 புள்ளி பெறும் உதைக்கு இங்கே 4 புள்ளி. ஓர் அணி 45 புள்ளி முந்திவிட்டால், இரண்டாம் பாதியில் ஆட்டத்தை அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். தொலைக்காட்சியில் பெரிய ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பட்டதாரி ஒருவர் இந்த மைதானத்துக்கு முதன்முறை வந்து நின்றால், எழுதப் போகும் ஆட்டத்தையே அவர் முதலில் கற்றாக வேண்டும். விளம்பரத்தில் “கால்பந்தாட்ட அறிவு வேண்டும்” என்றிருந்தது. எந்தக் கால்பந்தாட்டம் என்று இல்லை.

இனிச் சில தொடர்களுக்கு உரை கூறுகிறேன். “பல பணிகளில் தேர்ச்சி விரும்பத்தக்கது” என்பது, முன்பு மூவர் செய்த வேலையை இனி ஒருவர் செய்வார் என்பதன் நாகரிகமான வடிவம். இதற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்ற வேற்றுமை கூடாது என்று 1972இல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் இயற்றியது. ‘ஒன்பதாம் தலைப்பு’ என்று அதனைக் குறிப்பிடுவார்கள். அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் ஈடுபட்ட மாணவியர் தொகை 3 லட்சத்துக்கும் குறைவு. பிற்காலத்தில் அது 30 லட்சத்தைக் கடந்தது. நல்ல காரியம், மிக நல்ல காரியம். ஆனால் செய்தியாளர் செல்ல வேண்டிய மைதானங்களும் அதனால் பெருகின. பின்னர், பத்திரிகைகளின் வருவாயோ தேயத் தொடங்கிற்று. 2005இல் அந்நாட்டில் ஏறக்குறைய 8,900 செய்தித்தாள்கள் இருந்தன என்றும், 2024க்குள் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன என்றும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியற் பள்ளி கணக்கிட்டிருக்கிறது. எஞ்சியவற்றிலும் ஆட்குறைப்பு. வேலை பெருகி, ஆள் சுருங்கிய இடத்தில் பிறப்பதுதான் அந்தப் “பல பணிகளில் தேர்ச்சி”.

“நேரம் பாராது உழைப்பவர்” என்பது அடுத்த தொடர். பத்திரிகைக்குச் சொந்த அச்சகம் உள்ளதா என்று அங்கே கேட்டாக வேண்டும். பல ஊர்ப் பத்திரிகைகள் இப்போது தொலைவிலுள்ள பொது அச்சகத்தில் அச்சாகின்றன. தாள் ஊர் திரும்புவதற்கே நேரம் வேண்டுமாகையால் பக்கம் முடிக்கும் நேரம் முன்னே தள்ளப்படுகிறது. சில இடங்களில் வெள்ளிக்கிழமை ஆட்டம் முடியுமுன்பே பக்கம் மூடப்பட்டுவிடும். ‘கன்னெட்’ என்ற பெரிய நிறுவனம் 2022இல் தன் நாளிதழ்கள் பலவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பையே நிறுத்திற்று. வெள்ளி இரவு ஆட்டத்தைச் சனி காலை தேநீரோடு படிக்கும் பழக்கம் உடைய ஊர்களுக்கு அது சிறிய இழப்பு அன்று. செய்தியாளரோ அதே இரவில், அச்சுக்கு அல்லாமல் இணையத்துக்கு எழுதுகிறார். உறங்கும் நேரம் மட்டும் மாறுவதில்லை.

சம்பளத்துக்கு வருவோம். “தகுதிக்கேற்ற ஊதியம்” என்பது காதுக்கு இனிய தொடர். கணக்குப் போட்டுப் பார்க்க உதவாத தொடர். ஓர் உதாரணத்துக்கு ஆண்டுக்கு 30,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 14 டாலர் 42 சென்ட் ஆகிறது. வெள்ளி, சனி ஆட்டங்களும் பக்க அமைப்பும் சேர்ந்து வாரம் 55 மணி நேரம் ஆகி, மிகைநேரக் கூலியும் இல்லையென்றால், அதே சம்பளம் மணிக்கு 10 டாலர் 49 சென்டாக இறங்கிவிடுகிறது. மிகைநேரக் கூலி சட்டப்படி உண்டல்லவா என்று கேட்பீர்கள். 1938இல் இயற்றப்பட்ட நியாயமான உழைப்புத் தரங்கள் சட்டம், வாரம் 40 மணிக்கு மேற்பட்ட உழைப்புக்கு ஒன்றரை மடங்கு கூலி என்று விதித்திருப்பது உண்மையே. ஆயினும் அச்சட்டத்திலேயே ஒரு சிறு வாசல் இருக்கிறது. விற்பனை 4,000 படிகளுக்குக் குறைவாகவும், அதில் பெரும்பகுதி தன் மாவட்டத்திலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலுமே செலவாவதாகவும் உள்ள பத்திரிகையின் ஊழியருக்கு, மத்தியச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி விதியும் மிகைநேரக் கூலி விதியும் பொருந்தா. மாநிலச் சட்டங்கள் வேறாக இருக்கலாம். ஆகவே பத்திரிகையின் விற்பனை எவ்வளவு என்று கேட்பது வெறும் ஆவல் அன்று. மாதக் கடைசியில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்பதாகும்.

இவற்றையெல்லாம் பத்திரிகை ஏன் வெளிப்படையாகச் சொல்வதில்லை? எப்போதும் வஞ்சகம் என்று நான் கூறமாட்டேன். பல விளம்பரங்களை அவ்வூர் ஆசிரியர் எழுதுவதே இல்லை. நூறு பத்திரிகைகளை உடைய நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கும். ஊர்ப் பெயரை மாற்றி அதையே எங்கும் அனுப்புவார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தொழில்துறை ஏடுகளில் விளம்பரம் செய்த காலத்தின் சிக்கனமும் பழக்கமாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, வேலையே வாரத்துக்கு வாரம் உருமாறுகிறது. நகரமன்றக் கூட்டத்துக்குப் போக ஆளில்லாவிட்டால் விளையாட்டுக்காரரைத்தான் அனுப்புவார்கள். அதை எப்படி விளம்பரத்தில் எழுதுவது என்று ஓர் ஆசிரியர் கேட்டால், அவர் பக்கமும் நியாயம் உண்டு.

மன்னிக்க இயலாத காரணங்களும் உண்டு. புதியவருக்குத் தரப்போகும் தொகையை அச்சிட்டால், பத்தாண்டு உழைத்த பழையவர் அதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து நிற்பார். ஆகவே தொகை மறைகிறது. முன்பெல்லாம் பத்திரிகையின் பெயரே இல்லாமல், பெட்டி எண் மட்டும் தந்து ‘குருட்டு விளம்பரம்’ செய்வதும் வழக்கமாக இருந்தது. இருக்கும் ஊழியருக்குத் தெரியாமலே அவர் நாற்காலிக்கு ஆள் தேடுவதற்கு அது வசதி. அத்தகைய பெட்டி எண்ணுக்கு விண்ணப்பம் எழுதி, அது தம் சொந்த ஆசிரியரின் மேசையிலேயே போய் விழுந்த கதையைப் பத்திரிகைக்காரர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எழுதியவர் சிரித்திருக்கமாட்டார். அன்றாடம் ஊரார் ஒவ்வொருவரிடமும் யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்று வினவும் தொழில், தன்னைப் பற்றி அதே நான்கு கேள்விகளுக்கு விடை தர மறுப்பது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

ஹண்டர் தாம்சன் என்ற எழுத்தாளர் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர். விமானப் படையிலிருந்து வெளிவந்தபின், 1957இன் இறுதியில் அவர் ‘ஜெர்சி ஷோர்’ என்ற ஊரின் பத்திரிகையில் விளையாட்டு ஆசிரியராகச் சேர்ந்தார். ‘ஷோர்’ என்றால் கரை. நியூ ஜெர்சியின் கடற்கரையைக் குறிக்கவும் இதே தொடரைத்தான் வழங்குகிறார்கள். ஆனால் இவ்வூர் பென்சில்வேனியாவின் உள்நாட்டில், சஸ்குவஹானா ஆற்றுக் கிளையின் கரையில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. கடல் வெகு தொலைவு. சில நாளிலேயே அவர் அதை விட்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். தாம்சனைப் போன்ற மனிதரை எந்தச் சிற்றூரும் நெடுநாள் தாங்கியிராது என்பது வேறு செய்தி.

அவ்வாறு வந்தவர் போய்க்கொண்டே இருந்தால் ஊருக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் நாம் எண்ண வேண்டும். மென்பந்து ஆடும் ஒரு பள்ளி மாணவியின் பெயர் வாழ்நாளில் நாலைந்து முறைதான் அச்சேறக்கூடும். அந்தத் துண்டை அவள் தாய் கத்தரித்து ஏட்டில் ஒட்டி வைப்பாள். பெயரின் எழுத்து ஒன்று பிசகினால், அந்த வீட்டுக்கு அந்தப் பத்திரிகை முழுவதுமே பிசகிப்போயிற்று. அவளுக்குச் சென்ற பருவத்தில் தோளில் காயம் பட்டது, அவள் அக்காளும் இதே அணியில் ஆடினாள், பயிற்சியாளர் சென்ற ஆண்டுதான் வந்தவர் என்பன எந்தக் குறிப்பேட்டிலும் இரா; பல பருவங்கள் அதே மைதானத்தில் நின்றவர் மனத்தில்தான் இருக்கும். மங்கலான விளம்பரம் பொருந்தாத ஆளைக் கொண்டுவருகிறது. பொருந்தாதவர் ஓராண்டில் வெளியேறுகிறார். ஊரைப் பற்றிய நினைவு அவரோடு காரில் ஏறிப் போய்விடுகிறது. மீண்டும் அதே ஆறு வாக்கியங்கள் அச்சாகின்றன.

இந்தக் குறையை எந்திரத்தால் நிரப்பலாம் என்று முயன்றதும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தின் ‘கொலம்பஸ் டிஸ்பாட்ச்’ என்ற கன்னெட் நாளிதழ், பள்ளி ஆட்டங்களின் செய்தியைச் செயற்கை அறிவு கொண்டு எழுதுவித்தது. ஒரு செய்தியில் அணியின் சிறப்புப் பெயர் வர வேண்டிய இடத்தில், ‘வென்ற அணியின் சின்னம்’ என்று பொருள்படும் வெற்று அடையாளக் குறியே அப்படியே வெளியாகிவிட்டது. நாடே நகைத்தது. நிறுவனம் அம்முயற்சியை நிறுத்தி வைத்தது. எந்திரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பது என் எண்ணம். ஊர்ப் பெயரை மாற்றிப் படிவத்தை அனுப்பும் விளம்பரமும், அணிப் பெயரை நிரப்ப மறந்த செய்தியும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

சட்டம் ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரி முதல், வேலை விளம்பரத்தில் சம்பள அளவைக் குறித்தாக வேண்டும். கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரியில் அவ்வழியில் வந்தன. நியூயார்க் மாநிலம் அதே ஆண்டு செப்டம்பரில் சேர்ந்தது. இத்தனை பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள இடங்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கு சில மாநிலங்களில் உண்டு. மிகச் சிறிய பத்திரிகைகள் அதில் தப்பிக்கொள்ளலாம். குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் நடுவே ஒரு வண்டியே போகும்படி அகன்ற வரம்பை எழுதுவோரும் இருக்கிறார்கள். இருப்பினும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. மற்ற பல மாநிலங்களில் அந்த இனிய தொடர் இன்னும் ஆண்டுகொண்டிருக்கிறது.

நானாக இருந்தால் விளம்பரத்தை இப்படி எழுதுவேன்: “எங்கள் ஊரில் 6,000 பேர். பத்திரிகை செவ்வாய், வியாழன், சனி வெளிவரும். விளையாட்டுப் பகுதிக்கு நீங்கள் ஒருவரே. பள்ளிகள் நான்கு; இரண்டில் அறுவர் ஆட்டம், தெரியாவிட்டால் சொல்லித் தருவோம். வெள்ளி இரவு பதினொரு மணிக்குள் பக்கம் முடிய வேண்டும். திங்களும் செவ்வாயும் உங்களுக்கு ஓய்வு. ஆண்டுச் சம்பளம் இத்தனை டாலர். காருக்கு மைலுக்கு இத்தனை சென்ட் தனி. முன்பு இருந்தவர் மூன்றாண்டு இருந்துவிட்டுப் பெரிய ஊர்ப் பத்திரிகைக்குச் சென்றார். அவருடன் பேச விரும்பினால் ஏற்பாடு செய்வோம்.” இதற்கு விண்ணப்பம் குறைவாக வரும் என்று மேலாளர் ஒருவர் முணுமுணுக்கலாம். குறையட்டும். வருகிறவர் முதல் வெள்ளிக்கிழமையன்று, “நான் வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்க மாட்டார்.

விளம்பரம் இவ்வாறு வரும்வரை கேட்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. கேட்டால் வேலை கிடைக்காமற் போய்விடுமோ என்று இளைஞர்கள் அஞ்சுகிறார்கள். கேள்வி கேட்பதற்காகவே ஆள் எடுக்கும் தொழில் இது. பணிவாகவும் தெளிவாகவும் கேட்பவரை வெறுக்கும் ஆசிரியரிடம் சேராமல் இருப்பதே நலம். விற்பனை எத்தனை படி, அச்சு எங்கே, பக்கத்தை யார் அமைப்பது, வெள்ளி இரவுக்கு மாற்று ஓய்வு எந்த நாள் என்று கடிதத்திலேயே கேட்கலாம். ஒன்றைமட்டும் தொலைபேசியில் கேட்க வேண்டும்: “எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் எத்தனை காலம் இருந்தார்?” ஆசிரியர் உடனே பெயரைச் சொல்லி, இத்தனை ஆண்டு இருந்தார், இன்ன ஊருக்குப் போனார் என்றால் மேற்கொண்டு பேசலாம். சற்றுத் தயங்கி, “யார் யாரோ வந்தார்கள், போனார்கள்” என்றால், உடைமைகளைக் காரில் ஏற்றுமுன் இன்னும் நாலு கேள்வி பாக்கியிருக்கிறது.